அமெரிக்கால லைசென்ஸ் வாங்கின மனநல கவுன்சிலர் ஆகணும்னா: என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நான் டெக்சாஸ்ல, டாலஸ் பக்கம் எல்பிசியா இருக்கேன். எல்பிசின்னா லைசென்ஸ்டு ப்ரொஃபஷனல் கவுன்சிலர். கோயில் பார்க்கிங்ல, பொங்கல் பாட்லக்ல, பசங்கள தமிழ் ஸ்கூல்ல விட்டுட்டு வெளிய காத்திருக்கறப்போ, யாராவது ஒருத்தர் மெதுவா பக்கத்துல வந்து "நானும் இந்த படிப்பு படிக்கலாம்னு பாக்கறேன்"னு ஆரம்பிப்பாங்க. பெரும்பாலும் எச்4ல, அதாவது எச்1பி வேலை விசால இருக்கவங்களோட துணைக்கான விசால, வந்து வீட்டுல இருக்கற பெண்கள், இல்ல ஐடி வேலையில மனசு ஒட்டாம போனவங்க. கேள்விங்க கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி பதில் போட்டிருக்கேன். நான் நடந்து வந்த வழி டெக்சாஸ் வழி, மத்த மாநிலம் எங்க மாறுதுன்னு அங்கங்க சொல்றேன். விதிங்க அப்பப்ப மாறும், பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்க மாநில போர்டு வெப்சைட்டை ஒரு தடவை நீங்களே படிச்சிடுங்க.

கவுன்சிலர், தெரபிஸ்ட், சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட் எல்லாம் ஒண்ணுதானே அக்கா?

இல்லம்மா. சைக்கியாட்ரிஸ்ட் எம்டி முடிச்ச டாக்டர், மாத்திரை எழுதுவாங்க. சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டணும்னா பொதுவா டாக்டரேட் வேணும், பிஎச்டியோ, சைடின்னு சைக்காலஜிக்குன்னே உள்ள டாக்டரேட்டோ, அது தனி உலகம், தனி எக்ஸாம். நாம பேசற கவுன்சிலர் லைசென்ஸுக்கு மாஸ்டர்ஸ் போதும். மனநோய்களை வகைப்படுத்தற டிஎஸ்எம் புத்தகத்தை வச்சு டயக்னோசிஸ் பண்ணலாம், தெரபி குடுக்கலாம், மாத்திரை மட்டும் எழுத முடியாது.

இதே மாஸ்டர்ஸ் அளவுல இன்னும் ரெண்டு வழி இருக்கு. சோஷியல் வொர்க் படிச்சு எல்சிஎஸ்டபிள்யூ ஆகறது, குடும்பம் தம்பதி தெரபி படிச்சு எல்எம்எஃப்டி ஆகறது. தெரபிஸ்ட்ங்கறது இவங்க எல்லாருக்கும் பொதுவா சொல்ற பேரு. உங்களுக்கு ஆஸ்பத்திரி, ஸ்கூல், அரசு திட்டம்னு பரவலா வேலை பாக்க ஆசைன்னா எல்சிஎஸ்டபிள்யூ வழியையும் யோசிங்க, நான் கவுன்சிலர் ஆனதால எல்லாரும் இதுதான் படிக்கணும்னு சொல்ல மாட்டேன்.

லைசென்ஸ் யார் தர்றாங்க? அமெரிக்கா முழுக்க ஒண்ணுதானா?

மாநிலத்துக்கு மாநிலம் தனி, டிரைவிங் லைசென்ஸ் மாதிரி நினைச்சுக்காதீங்க, அது வாங்கினா எல்லா ஊர்லயும் ஓட்டலாம், இது அப்படி இல்ல. முதல்ல சட்டம் போட்டது வர்ஜீனியா, 1976ல. கடைசியா வந்தது கலிஃபோர்னியா, 2009ல. நடுவுல 33 வருஷம் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு சட்டம் எழுதினதுல பேரே மாறிப்போச்சு. டெக்சாஸ்ல எல்பிசி, நியூயார்க்லயும் ஃப்ளோரிடாலயும் எல்எம்எச்சி, கலிஃபோர்னியால எல்பிசிசி. டெக்சாஸ்ல இதைப் பாத்துக்கறது பிஹேவியரல் ஹெல்த் எக்ஸிக்யூட்டிவ் கவுன்சில், அதுக்கு கீழ கவுன்சிலர்களுக்குன்னு ஒரு போர்டு.

மொத்தம் எத்தனை வருஷம் ஆகும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

அஞ்சுல இருந்து ஆறு வருஷம். முழு நேரமா படிச்சா மாஸ்டர்ஸ் ரெண்டரை, மூணு வருஷம். அதுக்கப்புறம் என்சிஇங்கற தேசிய கவுன்சிலர் எக்ஸாம், அப்புறம் எல்பிசி அசோசியேட்ங்கற தற்காலிக லைசென்ஸ், அதுல 3000 மணி நேரம் ஒரு சூப்பர்வைசர் மேற்பார்வையில வேலை, அது ரெண்டு ரெண்டரை வருஷம் இழுக்கும். சின்னக் குழந்தை வச்சுக்கிட்டு பகுதி நேரமா படிச்சா ஏழு எட்டு வருஷம் கூட ஆகும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, என்கூட முடிச்சவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான் முடிச்சாங்க.

நான் கோயம்புத்தூர்ல எம்எஸ்சி சைக்காலஜி முடிச்சிருக்கேன், ஃபர்ஸ்ட் கிளாஸ். அதை வச்சு நேரா லைசென்ஸ் வாங்க முடியாதா?

இந்தக் கேள்விக்கு பதில் சொல்றப்ப எனக்கே மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா நானும் இப்படி ஒரு டிகிரியோடதான் வந்து இறங்கினேன். நேரா கிடைக்கறது ரொம்ப அபூர்வம். காரணம் உங்க மார்க் இல்ல. இங்க கேக்கறது கவுன்சிலிங் படிப்பு, 60 கிரெடிட், அதுக்குள்ள எத்திக்ஸ், குரூப் கவுன்சிலிங், கேரியர் கவுன்சிலிங், அடிக்ஷன், பல கலாச்சார கவுன்சிலிங்னு குறிப்பிட்ட பாடங்க, அது போக ஆளை எதிர்ல உக்கார வச்சு பயிற்சி பண்ண மணி நேரம். டெக்சாஸ் விதிப்படி இந்தப் பயிற்சி, அதாவது பிராக்டிகம், குறைஞ்சது 300 மணி நேரம், அதுல 100 நேரடியா கிளையன்ட்டோட. நம்ம ஊரு எம்எஸ்சில தியரியும் புள்ளியியலும் நல்லா இருக்கும், ஆனா இந்தக் கணக்கு எழுத்துல எங்கயும் இருக்காது.

ஆனா அந்த டிகிரி வீண் இல்ல. வெளிநாட்டு டிகிரிய மதிப்பிடற டபிள்யூஇஎஸ் மாதிரி ஒரு இடத்துல பாடம் பாடமா மதிப்பீடு வாங்குங்க, வெறும் டிகிரி மதிப்பீடு பத்தாது. சில யூனிவர்சிட்டி கொஞ்சம் கிரெடிட் கழிச்சுக் குடுப்பாங்க, எல்லாரும் குடுக்க மாட்டாங்க. அட்மிஷனுக்கு ரொம்ப உதவும், படிக்கறப்ப புத்தகத்துல வர்ற பாதி பேரு தெரிஞ்ச பேரா இருக்கும். சிலபஸ் காப்பி எல்லாத்தையும் ஊர்ல இருந்து இப்பவே வாங்கி வச்சுக்கோங்க, பத்து வருஷம் கழிச்சு காலேஜ் ஆபீஸ்ல கேட்டா கிடைக்காது.

எந்த காலேஜ் நல்லது? சைக்காலஜி மாஸ்டர்ஸ்னு இருந்தா போதும்ல?

போதாது. நான் ஒரு வருஷத்தையும் நிறைய பணத்தையும் விட்ட இடம் இதுதான், கொஞ்சம் விரிவா சொல்றேன். வந்த புதுசுல வீட்டுக்கு பக்கத்துல ஒரு காலேஜ்ல எம்ஏ சைக்காலஜின்னு பாத்ததும் சேர்ந்துட்டேன். பேராசிரியர்கள் அருமையா நடத்தினாங்க. ரெண்டாவது செமஸ்டர் முடியறப்ப கூடப்படிச்ச பொண்ணு ஒருத்தி, "இது லைசென்ஸுக்கு போற படிப்பு இல்லையே, ஆராய்ச்சிக்கு போற படிப்புதானே"ன்னு சாதாரணமா சொன்னா. அன்னிக்கு ராத்திரி முழுக்க தூங்கல. 36 கிரெடிட் படிப்பு, பிராக்டிகமே கிடையாது. மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். சேர்றதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்த வருஷம் மிஞ்சியிருக்கும், இப்ப நான் எல்லாரையும் அந்தக் கேள்வியத்தான் கேக்கறேன்: இந்தப் படிப்பு உங்க மாநிலத்துல லைசென்ஸுக்கு தகுதியான்னு காலேஜ்கிட்ட எழுத்துல வாங்கினீங்களா?

பேரு "கிளினிக்கல் மென்டல் ஹெல்த் கவுன்சிலிங்"னு இருந்தா நல்லது. சிஏசிஆர்இபி அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க, கேக்ரெப்னு சொல்லுவாங்க, 1981ல ஆரம்பிச்ச அமைப்பு, கவுன்சிலிங் படிப்புங்களுக்கு தரம் நிர்ணயம் பண்றது. அந்த அங்கீகாரம் உள்ள படிப்புல 60 கிரெடிட், 100 மணி நேர பிராக்டிகம், 600 மணி நேர இன்டர்ன்ஷிப் கட்டாயம், அதனால பெரும்பாலான மாநிலத்துல கேள்வி கேக்காம ஒத்துக்குவாங்க. அது இல்லாத படிப்பையும் டெக்சாஸ் ஏத்துக்கும், ஆனா நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்கு வேற மாநிலத்துல வேலை மாறினா அப்ப தெரியும் அதோட அருமை.

எங்க பக்கம் டென்டன்ல நார்த் டெக்சாஸ் யூனிவர்சிட்டி இருக்கு, அங்க குழந்தைங்களுக்கான ப்ளே தெரபிக்குன்னே ஒரு மையம் இருக்கு. குழந்தைங்களோட வேலை செய்ய ஆசை இருக்கவங்க அந்த மாதிரி சிறப்பு எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, வீட்டுக்கு பக்கம்ங்கற ஒரே காரணத்துக்காக சேராதீங்க.

ஆன்லைன்ல படிச்சா ஒத்துக்குவாங்களா?

கேக்ரெப் அங்கீகாரம் உள்ள ஆன்லைன் படிப்பு இருக்கு, ஒத்துக்குவாங்க. ஆனா பிராக்டிகமும் இன்டர்ன்ஷிப்பும் உங்க ஊர்ல நிஜ ஆளுங்களோட பண்ணணும், அந்த இடத்தை பல காலேஜ்ல நீங்களேதான் தேடணும். சேர்றப்பவே "சைட் யார் தேடித் தருவீங்க"ன்னு கேட்டுடுங்க, நிறைய பேர் இங்கதான் ஆறு மாசம் மாட்டிக்கறாங்க.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல பதினோரு வருஷம் இருந்தேன், சைக்காலஜி ஒரு பேப்பர் கூட படிச்சதில்ல, வயசு 41. இப்ப போய் ஆரம்பிக்கறது நியாயமா?

தாராளமா. பல படிப்புல இளங்கலை எதுவா இருந்தாலும் சேத்துக்குவாங்க, ஒண்ணு ரெண்டு அடிப்படை பாடம் முன்னாடியே முடிக்கச் சொல்லலாம். மூணு வருஷ பிஎஸ்சி, பிகாம்னா சில இடத்துல நாலு வருஷத்துக்கு சமம் இல்லம்பாங்க, அதை மட்டும் முதல் மெயில்லயே கேட்டுடுங்க.

வயசைப் பத்தி சொல்லணும்னா, இந்த வேலையில வயசு சொத்து. மாமியாரோட ஒரே வீட்டுல இருந்தவங்க, ஊர்ல அப்பா ஆஸ்பத்திரில இருக்கறப்ப விசா ஸ்டாம்பிங் பயத்துல போக முடியாம இங்க உக்காந்து அழுதவங்க, வேலை போயி, விசா குடுக்கற 60 நாள் அவகாசத்தை எண்ணினவங்க, இவங்க எதிர்ல உக்கார்ற ஆளோட மூச்சு மாறறதை வச்சே பாதி புரிஞ்சுக்குவாங்க. மீதிப் பாதியத்தான் படிப்பு சொல்லித்தரும், அதாவது நம்ம அனுபவத்தை அவங்க மேல ஏத்தாம இருக்கறதை. அது லேசுல வராது, எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

எச்4ல இருக்கேன், ஈஏடி, அதான் வேலை பாக்கற அனுமதி கார்டு, இல்ல. படிக்கலாமா? பிராக்டிகம் பண்ணலாமா?

படிக்கலாம். எச்4லயே முழு நேரமா படிக்க முடியும், எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறியே ஆகணும்னு இல்ல. டெக்சாஸ்ல அரசு யூனிவர்சிட்டில உள்ளூர்க்காரங்க கட்டணம் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு, அட்மிஷன் ஆபீஸ்ல கேளுங்க, அது பெரிய வித்தியாசம்.

பிராக்டிகம்தான் சிக்கல். படிப்போட ஒரு பகுதியா, சம்பளம் இல்லாம பண்ற பயிற்சின்னு நிறைய பேர் பண்றாங்க, ஆனா அந்த இடத்துல அதே வேலைக்கு மத்தவங்களுக்கு சம்பளம் குடுக்கறாங்கன்னா அது வேலையா கருதப்படலாம். இதுல நான் சொல்றத வச்சோ, இன்னொரு அக்கா பண்ணாங்கன்னோ முடிவு எடுக்காதீங்க, காலேஜோட இன்டர்நேஷனல் ஆபீஸையும் ஒரு இமிக்ரேஷன் வக்கீலையும் கேளுங்க. இன்னொண்ணு, பல ஆஸ்பத்திரியும் கிளினிக்கும் பேக்ரவுண்ட் செக் பண்ண சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேப்பாங்க, ஈஏடி இல்லன்னா அது உங்ககிட்ட இருக்காது.

படிச்சு முடிச்சப்புறம் 3000 மணி நேரம் பண்றது முழுசா வேலைதான், அதுக்கு ஈஏடியோ கிரீன் கார்டோ கண்டிப்பா வேணும். எச்4 ஈஏடி 2015 மே மாசத்துல இருந்து இருக்கு, பொதுவா உங்க துணையோட ஐ140, அதாவது கிரீன் கார்டுக்காக கம்பெனி போடற மனு, அப்ரூவ் ஆகியிருக்கணும். அதனால படிப்பு ஆரம்பிக்கறப்பவே ஐ140 எந்த நிலையில இருக்குன்னு உக்காந்து பேசுங்க, மூணு வருஷ படிப்பு முடியறப்ப அது கையில இருக்குமான்னு கணக்கு போடுங்க. 2025 அக்டோபர் 30லயோ அதுக்கப்புறமோ ஈஏடி ரினிவல் போட்டவங்களுக்கு முன்னாடி மாதிரி தானா நீட்டிப்பு கிடையாது, கார்டு வர லேட்டானா நடுவுல வேலைய நிறுத்தணும். உங்ககிட்ட வாராவாரம் வர்ற ஒருத்தர்கிட்ட திடீர்னு "அடுத்த வாரத்துல இருந்து நான் இல்ல"ன்னு சொல்றது அவங்களுக்கு எவ்ளோ பெரிய அடின்னு யோசிங்க. சூப்பர்வைசர்கிட்ட ஆறு மாசம் முன்னாடியே தேதிய சொல்லி வச்சிடணும்.

அப்ப எஃப்1ல வந்து படிச்சா ஓபிடில மணி நேரத்தை முடிச்சிடலாம்ல?

இது பெரிய பொறி, ஊர்ல இருந்து விசாரிக்கற பசங்க எல்லாருக்கும் இதத்தான் முதல்ல சொல்றேன். ஓபிடிங்கறது படிச்சு முடிச்சதும் எஃப்1லயே வேலை பாக்க கிடைக்கற அனுமதி, அது 12 மாசம். கவுன்சிலிங் ஸ்டெம் படிப்பா, அதாவது அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு வகையில, கணக்குல வராது, அதனால கம்ப்யூட்டர் படிச்ச உங்க அண்ணனுக்கு கிடைச்ச ரெண்டு வருஷ நீட்டிப்பு உங்களுக்கு கிடையாது. டெக்சாஸ்ல 3000 மணி நேரத்தை நீங்க எவ்ளோ வேகமா ஓடினாலும் 18 மாசத்துக்கு முன்னாடி முடிக்க விடமாட்டாங்க. 12க்கும் 18க்கும் நடுவுல ஆறு மாசம் அந்தரத்துல நிப்பீங்க.

வழியே இல்லன்னு இல்ல. யூனிவர்சிட்டி கவுன்சிலிங் சென்டர், யூனிவர்சிட்டியோட இணைஞ்ச லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்கு எச்1பி லாட்டரி கிடையாது, வருஷத்துல எப்ப வேணா போடலாம். ஆனா அசோசியேட்டுக்கு விசா போட்டுத் தர்ற இடம் கொஞ்சம்தான். கடன் வாங்கி வர்றதா இருந்தா, அந்தக் கடன் பேப்பர்ல அப்பா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இந்த ஆறு மாசத்துக்கு என்ன வழின்னு பதில் இருக்கணும்.

என்சிஇ எக்ஸாம் ரொம்ப கஷ்டமா?

நம்ம ஊரு என்ட்ரன்ஸ் எல்லாம் எழுதினவங்களுக்கு பயப்படற அளவுக்கு இல்ல. 200 கேள்வி, அதுல 160க்குத்தான் மார்க், மீதி 40 சோதனைக்கு வச்சது, எது எதுன்னு சொல்ல மாட்டாங்க. 3 மணி 45 நிமிஷம். மூணு மாசம் தினம் ஒண்ணரை மணி நேரம் படிச்சா போதும், ஆனா மனப்பாடம் மட்டும் பண்ணிட்டு போனா தடுக்கும், ஏன்னா நாலு பதிலும் சரி மாதிரியே இருக்கும், "முதல்ல என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்கும். நமக்கு அறிவுரை சொல்றது ரத்தத்துல ஊறினது, அந்த விடைய டிக் பண்ணத்தான் கை போகும், கவுன்சிலர் முதல்ல பண்றது கேக்கறது.

நியூயார்க், கலிஃபோர்னியா மாதிரி இடத்துல என்சிஎம்எச்சிஇன்னு வேற எக்ஸாம், அது கேஸ் குடுத்து கேக்கறது. டெக்சாஸ்ல இது போக ஜூரிஸ்ப்ருடென்ஸ்னு மாநில சட்டம் பத்தி ஒரு எக்ஸாம், கைரேகை செக். எல்லாம் முடிச்சு, சூப்பர்வைசர் ஒப்பந்தத்தையும் சேத்து அனுப்பினாதான் அசோசியேட் லைசென்ஸ். அது கைக்கு வர்றதுக்கு முன்னாடி போய் உக்காந்து வேலை பாத்துட்டு அந்த மணி நேரத்தை கணக்குல சேக்க நினைக்காதீங்க.

3000 மணி நேரம்னதும் தலை சுத்துது. ஒன்றரை வருஷத்துல முடியாதா?

3000ல 1500 நேரடியா கிளையன்ட்டோட. கணக்கு போட்டுப் பாருங்க, வாரம் 40 மணின்னா 75 வாரம், அதுல 1500னா வாரத்துக்கு 20 பேரை விடாம பாக்கணும். கேன்சல் பண்ணுவாங்க, டிசம்பர்ல யாரும் வரமாட்டாங்க, உங்க புள்ளைக்கு காய்ச்சல் வரும். அதனாலதான் முன்னாடி ரெண்டு ரெண்டரை வருஷம்னு சொன்னேன். மீதி 1500 நோட்ஸ் எழுதறது, ட்ரெயினிங், சூப்பர்விஷன், அது தானா சேந்துடும், மாட்டறது எப்பவும் நேரடி மணி நேரம்தான். அசோசியேட் லைசென்ஸ் 60 மாசம் செல்லும், அதனால பதட்டம் வேண்டாம்.

சூப்பர்வைசரை எப்படி தேர்ந்தெடுக்கறது? பீஸ் கம்மியா இருந்தா போதும்ல?

மாசம் 4 மணி நேரம் ரெண்டு வருஷம் உங்கள உருவாக்கப்போற ஆள் அவங்க, பீஸை கடைசியா பாருங்க. டெக்சாஸ்ல அவங்க எல்பிசி-எஸ்ஸா, அதாவது சூப்பர்வைசர் அனுமதி உள்ள எல்பிசியா, இருக்கணும், போர்டு வெப்சைட்ல பேரைப் போட்டா லைசென்ஸ் மேல புகார் நடவடிக்கை இருக்கான்னு தெரியும், பாத்துடுங்க. முதல் சந்திப்புல ஒரு கேள்வி கேளுங்க: "என் கிளையன்ட் பெத்தவங்க பேச்சை மீறாம கல்யாணம் பண்ணிக்க நினைக்கறாங்க, இதை எப்படிப் பாப்பீங்க?" உடனே "எல்லைக்கோடு போடச் சொல்லுங்க"ன்னு வர்ற ஆளும் இருக்காங்க, "அந்தக் குடும்பத்துல சரின்னு சொல்றதுக்கு என்ன அர்த்தம்"னு திருப்பிக் கேக்கற ஆளும் இருக்காங்க. ரெண்டாவது ஆள்கிட்ட போங்க. என் சூப்பர்வைசர் தமிழ் தெரியாத வெள்ளைக்கார அம்மா, ஆனா அந்த மாதிரி கேள்வியாத்தான் கேப்பாங்க, இன்னிக்கும் செஷன்ல அவங்க குரல் எனக்குள்ள கேக்கும்.

சம்பளம் எவ்ளோ வரும்? ஐடிய விட்டுட்டு வரலாமா?

ஐடி அளவுக்கு வராது, இதை வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க. தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023 மே மாசக் கணக்குப்படி இந்த வேலையில இருக்கவங்களோட நடுமட்ட சம்பளம் வருஷத்துக்கு 53,710 டாலர், அதாவது பாதிப் பேர் அதுக்கு மேல, பாதிப் பேர் கீழ. அசோசியேட் காலத்துல இன்னும் கம்மி, சூப்பர்விஷனுக்கும் கைக்காசு போகும்.

முழு லைசென்ஸ் வந்து சொந்தமா பிராக்டிஸ் வச்சா நிலைமை மாறும். 2024 ஜனவரி 1ல இருந்து கவுன்சிலர்களும் மெடிகேர்ல, அதாவது வயசானவங்களுக்கான அரசு மருத்துவ இன்ஷூரன்ஸ்ல, பில் பண்ணலாம், சைக்காலஜிஸ்ட்டுக்கு குடுக்கறதுல 75 சதவீதம். இதுக்காக இந்தத் துறை பல வருஷம் போராடுச்சு. பசங்களோட இங்கயே தங்கிட்ட நம்ம வயசான அப்பா அம்மாக்கள்ல மெடிகேர் இருக்கவங்களுக்கு தமிழ்ல பேசற கவுன்சிலர் இனிமே கைக்கெட்டற தூரம், எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

ரெண்டு மாசத்துல லைஃப் கோச் சர்டிஃபிகேட் தர்றாங்களே, அதை வாங்கிட்டு ஆரம்பிச்சா என்ன?

கோச்சுக்கு லைசென்ஸ் தேவையில்ல, வேலை மாறறது, நேரத்தை ஒழுங்கு பண்றது மாதிரி விஷயத்துக்கு நல்ல கோச்சுங்க இருக்காங்க. ஆனா டிப்ரஷன், பேனிக், ட்ராமா எல்லாம் சிகிச்சை, அதை லைசென்ஸ் இல்லாம தொடறது சட்டப்படி தப்பு. அதை விட, ஆபத்து. பிரசவம் ஆகி மூணு மாசமான ஒரு பொண்ணு "சோம்பேறித்தனமா இருக்கு, மோட்டிவேஷன் வேணும்"னுதான் சொல்லுவா. அது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வுன்னு கண்டுபிடிக்கத்தான் அஞ்சு வருஷம் படிக்க வைக்கறாங்க. தயவுசெஞ்சு குறுக்கு வழி வேண்டாம்.

என் இங்கிலீஷ் அவ்ளோ சரளமா வராது. அமெரிக்கர்கள் என்கிட்ட வருவாங்களா?

வருவாங்க. இன்டர்ன்ஷிப்ல என் முதல் கிளையன்ட் அறுபது வயசு டிரக் டிரைவர், ரெண்டு தடவை "என்ன சொன்னீங்க"ன்னு கேட்டார், மூணாவது வாரம் மனைவி இறந்ததைப் பத்தி அழுதார். உச்சரிப்பு தடையில்ல. நோட்ஸ் எழுதற இங்கிலீஷ் மட்டும் பழகணும், அது எழுத எழுத வந்துடும்.

உண்மையில கஷ்டம் தமிழ்ல தெரபி பண்றதுதான், படிச்சது முழுக்க இங்கிலீஷ்ல. மன அழுத்தம்னு நாம ஸ்ட்ரெஸ்ஸுக்கும் சொல்றோம், டிப்ரஷனுக்கும் சொல்றோம், அதனால நான் டிப்ரஷனுக்கு மனச்சோர்வுன்னே விடாம சொல்றேன். நம்ம ஆளுங்க "சோகமா இருக்கு"ன்னு ஆரம்பிக்க மாட்டாங்க, "நெஞ்சை அடைக்குது, தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, டாக்டர் எல்லா டெஸ்ட்டும் நார்மல்ங்கறார்"னுதான் வருவாங்க. "நாலு பேரு என்ன சொல்வாங்க"ன்னா அந்த நாலு பேரு யாரு யாருன்னு பேரோட கேளுங்க, பாதி செஷன் அதுலயே திறந்துக்கும். இந்த மாதிரி வார்த்தைகளை நான் ஒரு நோட்டுல எழுதிட்டு வர்றேன், இதை எந்த காலேஜும் சொல்லித் தராது, நாமதான் சேத்து வைக்கணும்.

நம்ம ஊரு ஆளுங்க கொஞ்சம் பேருதான். தெரிஞ்சவங்களே கிளையன்ட்டா வந்தா என்ன பண்றது?

சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸை பாக்கக் கூடாது, எத்திக்ஸ் கோட்ல தெளிவா இருக்கு, நடுநிலையா இருக்க முடியாதுங்கறதுதான் காரணம். லேசா தெரிஞ்சவங்கன்னா யோசிச்சு முடிவு எடுக்கணும். நான் எனக்கு வச்சிருக்கற அளவுகோல், அவங்க வீட்டுல நான் சாப்பிட்டிருந்தா எடுக்கறதில்ல, வேற ஆளை சொல்லி அனுப்பிடுவேன்.

எடுத்தா முதல் நாளே பேசிடுவேன்: "கோயில்ல பாத்தா நானா வந்து பேச மாட்டேன், கோச்சுக்காதீங்க, நீங்க வந்து பேசினா பேசுவேன்." வீட்டு முறுக்கு டப்பாவோட ஒருத்தங்க வந்தா திருப்பி அனுப்பறது நம்ம ஊர்ல அவமானம், பரிசோட மதிப்பு, அதுக்கு அந்தக் கலாச்சாரத்துல இருக்கற அர்த்தம் ரெண்டையும் பாக்கச் சொல்லித்தான் எத்திக்ஸ் கோடும் சொல்லுது, வாங்கிக்குவேன், நோட்ஸ்ல எழுதிடுவேன். ஒண்ணு மறந்துடாதீங்க, இன்ஷூரன்ஸ் வீட்டுக்காரர் பேர்ல இருந்தா, என்ன சிகிச்சைக்கு எவ்ளோ கட்டினாங்கங்கற பேப்பர் அவர் பேருக்குத்தான் வீட்டுக்கு வரும். ரகசியமா வர நினைக்கற பொண்ணுகிட்ட இதை முதல் செஷனுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

லைசென்ஸ் வந்தப்புறம் மதுரைல இருக்கற எங்க அத்தை பொண்ண ஜூம்ல பாக்கலாமா?

அத்தை பொண்ணுன்னா மேல சொன்ன பதில்லயே முடிஞ்சது, முடியாது. தெரியாத ஆளா இருந்தாலும், லைசென்ஸ் செல்றது கிளையன்ட் எந்த இடத்துல உக்காந்திருக்காங்கங்கறதைப் பொறுத்து. டெக்சாஸ் லைசென்ஸ் மதுரைக்கு செல்லாது, உங்க மால்ப்ராக்டிஸ் இன்ஷூரன்ஸும் வராது. உங்க டாலஸ் கிளையன்ட் ரெண்டு மாசம் லீவுக்கு ஊருக்கு போனாலும் இதே சிக்கல்தான், கிளம்பறதுக்கு முன்னாடியே திட்டம் பேசி வச்சுக்கணும். அதே மாதிரி சென்னைல இருக்கற கவுன்சிலர் இங்க இருக்கற ஆளை ஜூம்ல பாத்தா, இங்க இருக்கற மாநில சட்டப்படி அது லைசென்ஸ் இல்லாம பண்ற வேலை.

வீட்டுக்காரருக்கு ப்ராஜெக்ட் மாறி வேற மாநிலம் போனா எல்லாம் திரும்பவும் முதல்ல இருந்தா?

முதல்ல இருந்து இல்ல. முழு லைசென்ஸ் இருந்தா புது மாநிலத்துல அதைக் காட்டி அப்ளை பண்ணலாம், சில இடத்துல பாடம் ஒண்ணு ரெண்டு கூட கேப்பாங்க, சில இடத்துல வேற எக்ஸாம். கவுன்சிலிங் காம்பாக்ட்னு ஒரு ஒப்பந்தத்துல 30க்கு மேல மாநிலங்க கையெழுத்து போட்டிருக்கு, ஒரு மாநில லைசென்ஸை வச்சு இன்னொண்ணுல வேலை பாக்க வழி, இப்பத்தான் நடைமுறைக்கு வருது, அதுவும் முழு லைசென்ஸ் காரங்களுக்கு மட்டும்தான். மாட்டறது அசோசியேட் காலத்துல மாறறவங்கதான். முடிஞ்சா 3000ஐ ஒரே மாநிலத்துல முடிக்கப் பாருங்க, முடியலன்னா சூப்பர்வைசர்கிட்ட மணி நேரக் கணக்குல கையெழுத்து வாங்காம ஊரை விட்டுக் கிளம்பாதீங்க.

கிளையன்ட் "அவனை கொன்னுடுவேன்"னு சொன்னா போலீஸுக்கு சொல்லணுமா?

இதுக்குத்தான் மாநில சட்டம் படிக்கணும்ங்கறேன். 1969ல கலிஃபோர்னியால பெர்க்லில படிச்ச ஒரு இந்திய மாணவர் டாட்டியானா டாராசாஃப்ங்கற பொண்ண கொலை பண்ணார், முன்னாடியே தெரபிஸ்ட்கிட்ட சொல்லியும் இருந்தார், கேம்பஸ் போலீஸ் வரைக்கும் போச்சு, ஆனா அந்தப் பொண்ணுகிட்டயோ வீட்டுலயோ யாரும் சொல்லல. 1976ல கோர்ட், ஆபத்துல இருக்கவங்கள பாதுகாக்கற கடமை தெரபிஸ்ட்டுக்கு உண்டுன்னு சொல்லுச்சு. பல மாநிலம் அதைப் பின்பற்றுச்சு. டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் 1999ல தாப்பர் வழக்குல அந்த எச்சரிக்கை கடமையை ஏத்துக்கல, இங்க சட்டம் போலீஸுக்கோ மருத்துவ ஆளுங்களுக்கோ சொல்ல அனுமதி குடுக்குது, அவ்ளோதான். ஒரே வாக்கியத்தை கிளையன்ட் சொல்றார், மாநிலம் மாறினா உங்க கடமை மாறுது. அந்த நிமிஷம் தனியா முடிவு எடுக்காதீங்க, சூப்பர்வைசருக்கு போன் போடுங்க, செஞ்சதை, செய்யாததை, ஏன்ங்கறதை எழுதி வைங்க.

குழந்தைங்க விஷயத்துல இந்தக் குழப்பமே இல்ல. குழந்தையைக் கொடுமைப்படுத்தறாங்கன்னு சந்தேகம் வந்தாலே நீங்களேதான் ரிப்போர்ட் பண்ணணும், இன்னொருத்தர சொல்லச் சொல்லி விட முடியாது. நம்ம வீடுகள்ல "அப்பா பெல்ட்டால அடிச்சார், அடையாளம் இருக்கு"ன்னு ஒரு பத்து வயசு பையன் சாதாரணமா சொல்லுவான், ஊர்ல நாம எல்லாரும் வாங்கினதுதானேன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் சொல்லும். நான் முதல் தடவை ரிப்போர்ட் பண்ணப்ப கை நடுங்குச்சு, அந்த அம்மா என்னை துரோகின்னாங்க. இன்னொரு தடவை வந்தாலும் அதைத்தான் பண்ணுவேன். ஒப்புதல் படிவத்துல இதை தமிழ்லயும் எழுதி, முதல் நாளே வாய்விட்டு படிச்சுக் காட்டிடறேன், இப்ப.

தினமும் இதையே கேட்டா உங்க மனசு என்ன ஆகும் அக்கா?

ஆகும். ரெண்டாவது வருஷம், ஒரு கிளையன்ட் இனிமே உயிரோட இருக்க வேணாம்னு நினைக்கறதா சொன்ன வாரம், வீட்டுக்கு வந்து அடுப்புல பால் பொங்கி வழியறது கூட தெரியாம நின்னிருக்கேன். அவங்களுக்கு செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு, நேரடியா கேட்டு, பாதுகாப்புத் திட்டம் எழுதி, தற்கொலை எண்ணம் வந்தா கூப்பிடற 988 நம்பரை போன்ல சேவ் பண்ண வச்சு, வீட்டுல ஒருத்தர கூப்பிட்டு பேசி, எல்லாம். அவங்க இன்னிக்கு நல்லா இருக்காங்க. ஆனா எனக்குன்னு யாரும் இல்லாம இருந்தேன்.

அதுக்கப்புறம் நானும் ஒரு தெரபிஸ்ட்கிட்ட போக ஆரம்பிச்சேன், இன்னும் போறேன், மாசம் ரெண்டு தடவை. ஒரு நாளைக்கு அஞ்சு பேருக்கு மேல பாக்கறதில்ல. கடைசி செஷனுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருபது நிமிஷம் கார்லயே உக்காந்திருப்பேன், பாட்டு கூட போடாம. என் பொண்ணுக்கு அந்த இருபது நிமிஷம் தெரியும், கார் வந்து நின்னாலும் ஓடி வந்து கதவைத் தட்டமாட்டா, ஜன்னல்ல நின்னு கை மட்டும் ஆட்டுவா.